தூண்பாறையில் சந்தனத் தலைகள்

மூடுபனியைப் படம் எடுப்பதற்காகவா சிங்கப்பூரிலிருந்து விமானம் ஏறி வந்தீர்கள் என்று பழனி விடுதி மேலாளர் இரண்டு தடவை கேட்டார். முதல் தடவை ஆச்சரியத்தோடு, இரண்டாவது தடவை ஆதார் அட்டைக்குப் பதிலாக நான் நீட்டிய பாஸ்போர்ட்டைச் சந்தேகமாகப் புரட்டிக்கொண்டே. ஆமாம் என்றேன். வேறு வழியில்லாவிட்டால் மனுஷி எதற்கும் விமானம் ஏறுவாள்.

என் தொழில் விளம்பரத்தாள் வடிவமைப்பு. சிங்கப்பூரில் வீட்டுக் கதவிடுக்கில் யாரோ செருகிவிட்டுப் போகும் பேரங்காடித் தாளில் கோழித்தொடை பளபளவென்று மின்னினால், அதை மின்ன வைத்தது பெரும்பாலும் நான்தான். பல வருடம் கோழித்தொடையை மினுக்கியதற்குப் பிறகு, போதும், இனி எனக்காகப் படம் எடுப்பேன் என்று வேலையை விட்டேன். வேலையோடு சேர்ந்து கண்ணும் போய்விட்டது. கேமராவைத் தூக்கிக்கொண்டு தேக்காவில் அலைந்தேன், சைனாடவுனில் அலைந்தேன், ஓவியக் கூடங்களில் கால் கடுக்க நின்றேன். எதைப் பார்த்தாலும் அதன் மூலையில் 'இன்று மட்டும்' என்று ஒரு சிவப்பு வட்டம் போடத்தான் கை துறுதுறுத்தது.

தோழி மெய் லின் சின்னதாக ஒரு கலைக்கூடம் நடத்துகிறாள். புதியவர்களின் கண்காட்சியில் எனக்கென்று ஒரு சுவரை ஒதுக்கி வைத்துவிட்டு மாதக்கணக்கில் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில், "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரே ஒரு படம் அனுப்பு. வராவிட்டால் சுவர் பூனை வரைகிறவருக்குப் போய்விடும்" என்று சொல்லிவிட்டாள். பழைய முதலாளியோ என் நாற்காலியைத் திங்கட்கிழமைவரை காலியாக வைத்திருப்பதாகச் செய்தி அனுப்பியிருந்தார். தீபாவளித் தள்ளுபடி வருகிறதாம். ஆக, ஒரு படம் கிடைத்தால் நான் படக்காரி. கிடைக்காவிட்டால் மறுபடி கோழித்தொடை. கொடைக்கானல், மூடுபனி, மௌனம், நடுவில் ஒற்றை மரம் என்று மனதுக்குள் சட்டம் போட்டு மாட்டிவிட்டேன். "ஒற்றை மரம் பாசிர் ரிஸ் பூங்காவிலேயே இருக்கிறதே" என்றார் கணவர். அவரோடு பேசாமலே விமானம் ஏறினேன்.

பழனியில் ராத்தங்கல். சாப்பாட்டுக் கடையில் இரண்டு இட்லியும் ஒரு காப்பியும் வேண்டும் என்று சொன்னதற்கு, பரிமாறியவர் உள்ளே திரும்பி, "அக்கா நியூஸ் வாசிக்கிற மாதிரியே பேசுறாங்கப்பா" என்று சமையல்காரரிடம் சொன்னார். சமையல்காரர் எட்டிப் பார்க்க வந்துவிட்டார். நாங்கள் பள்ளியில் படித்த தமிழைத்தான் வெளியூரில் எடுத்து உடுத்துவோம், பெட்டிக்குள் இருந்த பட்டுச்சேலை போல. பரிமாறியவர் இட்லியோடு நான் கேட்காத வடையையும் வைத்து, "சும்மா சாப்பிடுங்க, பேசிக்கிட்டே சாப்பிடுங்க" என்றார். பேசிக்கொண்டே சாப்பிட்டேன். வடை நன்றாக இருந்தது.

மறுநாள் காலையில் கொடைக்கானல் பேருந்தில் ஏறினால், பாதிப் பேருக்கு மேல் மொட்டை. வேண்டுதலை முடித்து, தலையில் அப்போதுதான் பூசிய சந்தனத்தோடு நேராக மலையேற வந்திருந்தார்கள். பேருந்து முழுக்கச் சந்தன வாசனையும் டீசல் வாசனையும் கலந்து அடித்தது. எனக்குக் கிடைத்த இருக்கை ஒரு குடும்பத்தின் நடுவில். பக்கத்தில் செல்வி, முந்தானையைத் தலையோடு இறுக்கி இழுத்துக்கொண்டு. சன்னலோரம் அவர் கணவர் தங்கவேல். பின் இருக்கையில் தங்கவேலின் தம்பி முருகேசன், அவர் மடியிலும் பக்கத்திலுமாகச் செல்வியின் இரண்டு பிள்ளைகள். ஐந்து பேரும் மொட்டை. (பெயர்களையும் அவர்கள் ஊரையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது கட்டுரை முடிவதற்குள் தெரிந்துவிடும்.)

தங்கவேலுக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை. ஆறு மாதத்துக்கு முன் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெங்காய மூட்டைமேல் சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி வராந்தாவில் செல்வி தனியாக நின்றுகொண்டு, இவர் எழுந்தால் வீட்டில் எல்லோர் முடியும் உனக்கு என்று பழனி முருகனிடம் பேசி முடித்துவிட்டார்.

"என் முடிய என்னையக் கேக்காமலே நேந்துட்டாங்க" என்று பின்னாலிருந்து முருகேசன் புலம்பினார். "அடுத்த மாசம் எனக்குப் பொண்ணு பாக்கப் போறாகக்கா. இந்தத் தலையோட போயி நிக்கவா?"

"உங்கண்ணன் உசுரு பெருசா, ஒம் மசுரு பெருசா?" என்றார் செல்வி திரும்பாமலே. பிறகு என்னிடம், "ஆபரேசன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் இவரு மொதல்ல என்ன கேட்டாருங்கிறீங்க? தக்காளி என்னா வெலைன்னு கேட்டாரு" என்றார்.

மலைப்பாதை வளைய வளைய எனக்கு வயிற்றைப் புரட்டியது. செல்வி இடுப்பிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து முகரக் கொடுத்தார். எங்கள் ஊர்ப் பேருந்து குலுங்கினால் மறுநாள் பத்திரிகையில் வாசகர் கடிதம் வரும். இங்கே ஒரு வளைவில் பேருந்து பாறையை உரசுகிற தூரத்தில் நின்றபோதுகூட யாரும் பேச்சை நிறுத்தவில்லை. மேலிருந்து காய்கறி லாரி ஒன்று இறங்கி, இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. தங்கவேல் சன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டார்.

"ஏலே மாரி! யாரு லோடுடா இது?"

"பூண்டி கேரட்டுங்க மொதலாளி. என்னங்க இங்கிட்டு?"

"இருவது வருசமா கேரட்டு நம்மளப் பாக்க வருது. ஒரு தடவ நம்மளும் போயி அதப் பாத்துட்டு வருவோமேன்னுதான். எடு ரெண்ட, பாப்போம்."

லாரிக்காரர் எடுத்து நீட்டினார். தங்கவேல் ஒன்றை ஒடித்து, சத்தத்தைக் காதால் கேட்டு, கடித்து, யோசித்து, மண் ஈரம் சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு பக்கமும் வண்டிகள் ஹாரன் அடித்துத் தள்ளின. "அண்ணே, யாவாரத்த மண்டியில வெச்சுக்கங்கண்ணே, வெரசா விடுங்க" என்று நடத்துநர் கெஞ்சினார். கடைசியில் ஒரு கட்டுக் கேரட் பேருந்துக்குள் வந்து, கை மாறிக் கை மாறிக் கடைசி இருக்கைவரை போனது. மண்ணோடு தின்றேன். வயிற்றுப் புரட்டல் நின்றுவிட்டது. எந்த மருந்துக்கடையிலும் இதைச் சொல்லித் தர மாட்டார்கள்.

கொடைக்கானலில் இறங்கினால் சுள்ளென்று வெயில். விடுதி வரவேற்பறைப் பெண் மலர்ந்த முகத்தோடு, "நேத்து புல் டே மிஸ்ட் மேம், ஒண்ணுமே தெரியல. டுடே சூப்பர் கிளியர். யூ ஆர் வெரி லக்கி" என்றாள். என் அதிர்ஷ்டத்தை நொந்துகொண்டு ஏரிப்பக்கம் போனேன். மௌனத்தைத் தேடி நான் வந்த அன்றைக்கென்று பார்த்துத் தமிழ்நாடே அங்கே வந்திருந்தது. வாடகைச் சைக்கிள் மணி, குதிரைக் குளம்பு, ஸ்பீக்கரில் பாட்டு, "ஹோம்மேட் சாக்லேட், ஹோம்மேட் சாக்லேட்" என்று ஒரு கூவல். எங்கள் ஊர் ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளுக்கு நடுவே சனிக்கிழமை சாயங்காலம் நடந்தால் இதைவிட அமைதியாக இருக்கும். சுட்ட சோளக்கதிரில் மிளகாய்ப்பொடியும் எலுமிச்சையும் தேய்த்துத் தந்தார்கள். அது ஒன்றுதான் அன்று எனக்குக் கிடைத்த ஆறுதல்.

விடவில்லை. கூட்டத்தைத் தாண்டி நடந்து நடந்து, ஒரு புல்சரிவில் ஒற்றை மரத்தைக் கண்டுபிடித்தேன். நான் கனவில் கண்ட அதே மரம். அதோடு, நம்ப முடியவில்லை, அதைச் சுற்றி மூடுபனியும் இருந்தது! மூச்சைப் பிடித்துக்கொண்டு கிட்டே போனால், மரத்துக்குப் பின்னால் ஓர் ஆள் புகைபோடும் எந்திரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு குந்தியிருந்தார். கல்யாணத்துக்கு முந்திய படப்பிடிப்பாம். மணமகள் புகையில் இருமிக்கொண்டிருந்தாள். "மேடம், அடுத்த பார்ட்டி நீங்களா? வெயிட் பண்ணுங்க" என்றார் எந்திரக்காரர். எனக்கு முன்னால் இன்னும் இரண்டு ஜோடிகள் வரிசையில் நின்றன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சற்று நேரம் அந்த வரிசையில் நின்றேன். பிறகு சுய மரியாதை வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

விடிந்தால் வெள்ளிக்கிழமை. சன்னலைத் திறந்தேன். எதிர்க் கட்டடத்தைக் காணோம். தெருவைக் காணோம். பல்கூடத் துலக்காமல் ஒரு வாடகைக் காரைப் பிடித்துத் தூண்பாறைக்கு விடச் சொன்னேன். "வியூ ஒண்ணும் இருக்காது மேடம். சாக்லேட் பேக்டரி போலாமா?" என்றார் ஓட்டுநர். வேண்டாம் என்றேன். "அப்ப கேரட் தோட்டம்?" அதையும் தின்று பார்த்தாகிவிட்டது என்றேன்.

தூண்பாறை என்பது பள்ளத்தாக்கிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் மூன்று பெரும்பாறைகள். கம்பித் தடுப்புக்கு இந்தப்புறம் நின்று பார்ப்பார்கள். அன்று தடுப்பு இருந்தது, அதற்கு அந்தப்புறம் உலகமே இல்லை. நான் கேட்ட மூடுபனி, வேண்டியதற்கு மேல். ஆசையாசையாக எடுத்தேன். எடுத்ததைப் பார்த்தால் வெறும் வெள்ளை. இன்னும் எடுத்தேன். இன்னும் வெள்ளை. இதற்கு என் வீட்டுச் சுவரையே எடுத்து அனுப்பியிருக்கலாம். நடுப்பகல் ஆகியும் பனி அசையவில்லை. முதலாளி காலியாக வைத்திருந்த நாற்காலி என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது. எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. இத்தனை வருடம் வேலைதான் என் கண்ணைக் கெடுத்தது என்று நினைத்திருந்தேன். ஒருவேளை எனக்குக் கண்ணே கிடையாதோ?

நுழைவாயில் பக்கத்தில் காதர் பாயின் கடை. ஒரு பக்கம் கம்பளிக் குல்லா, போர்வை. மறு பக்கம் கணினி, அச்செந்திரம், போட்டோ. சூடாக டீ வாங்கித் தந்து தன் தொழில் ரகசியத்தைச் சொன்னார். பனி மூடிய நாளில் வருகிறவர்களைத் தடுப்புக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து, பின்னால் பளிச்சென்ற தூண்பாறையைக் கணினியில் ஒட்டித் தந்துவிடுவாராம். "பிப்ரவரில ஒரு நாள், செம கிளியர். அன்னிக்கு எடுத்து வெச்சது மேடம். ஊருபூரா வீட்டுல தொங்குற தூண்பாறை அந்த ஒரு நாள் தூண்பாறைதான்." குல்லா வியாபாரத்துக்கோ சுவரில் பழனிக் கோயில் நாட்காட்டி. கிருத்திகை எந்த நாள், உத்திரம் எந்த நாள் என்று பார்த்துத்தான் குல்லாக் கொள்முதல். "மொட்டத்தல மலையேறுச்சுன்னா நமக்கு சீசன்." ஆனால் அன்று கடையில் ஒரு குல்லாகூட இல்லை. வெள்ளனே ஒரு ஊரே மொட்டை அடித்துக்கொண்டு இரண்டு பேருந்தில் வந்து இறங்கி, அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய்விட்டதாம்.

அந்த நேரத்தில்தான் செல்வியின் குடும்பம் பல் கிடுகிடுக்க உள்ளே வந்தது. காலையில் மறுபடி புதுச் சந்தனம் பூசியிருந்தார்கள்.

"சவரம் பண்ண எரிச்சலுக்குச் சந்தனம் குளுகுளுன்னு இருக்கும்னு பழனியில சொன்னாக" என்றார் தங்கவேல். "இங்க மண்டைக்குள்ள ஐஸ்கட்டி வெச்ச மாதிரி கெடக்குங்க!"

"நாந்தான் வேணாம்னேன். மதினிதான் டப்பாவுல கொண்டாந்து விடாம பூசுனாங்க" என்று முருகேசன் நடுங்கினார்.

குல்லா இல்லை என்றதும் ஐந்து பேரும் பாயை ஒரு துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். இருந்தவை ஒரே மாதிரியான சாம்பல் நிறப் போர்வைகள்தான். ஆளுக்கு ஒன்றைக் கழுத்திலிருந்து கணுக்கால்வரை சுற்றிக்கொண்டு தடுப்பை நோக்கிப் போனார்கள். சும்மா நானும் பின்னால் போனேன்.

பனி அவ்வளவு அடர்த்தி. பத்தடி தள்ளி யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. செல்வி இடமும் வலமும் பார்த்தார். சில அடி பின்னால் நின்ற என்னைக் கவனிக்கவில்லை. யாரும் இல்லை என்று தைரியம் வந்ததும், பேருந்தில் ஏறியதிலிருந்து கையை எடுக்காமல் பிடித்திருந்த முந்தானையைத் தலையிலிருந்து இறக்கிப் போர்வைக்குள் விட்டார். பனி நேராக மொட்டைத் தலையில் பட்டது. "யாத்தே!" என்று கத்தினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாத சிரிப்பு. குடும்பமே ஏனென்று தெரியாமல் சிரித்தது. அப்புறம் சிரிப்பு அடங்கி, ஐந்து பேரும் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே தெரியாத வெள்ளையைப் பயபக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாம்பல் போர்வைகளுக்கு மேல் ஐந்து மஞ்சள் தலைகள். மூன்று பெரிசு, இரண்டு சிறிசு. அதற்கு அப்பால் எதுவும் இல்லை.

நான் எடுத்தேன். ஒரே தடவைதான் அழுத்தினேன். எடுத்த கணமே தெரிந்துவிட்டது. 

முதுகுதானே, முகம் இல்லையே, பேசாமல் அனுப்பிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது. மெய் லினுக்குச் செய்திகூட அடித்துவிட்டேன், அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் முந்தானையை இறக்கியவர் யாரும் பார்க்கவில்லை என்று நம்பியல்லவா இறக்கினார். போய் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன்.

"சிங்கப்பூருலயா! தாராளமாப் போடுங்க" என்றார் தங்கவேல்.

"நீங்க சும்மா இருங்க" என்றார் செல்வி. முந்தானை மறுபடி தலைக்கு ஏறிவிட்டது. "உங்களுக்கென்ன, நேத்து வரைக்கும் இருந்த வழுக்கத் தலைதான இதுவும். அக்கா, சாமிக்குக் குடுத்ததுல எனக்கு ஒரு குறையும் இல்ல. அதுக்காக மொட்டத்தலையச் சுவத்துல மாட்டி ஊருக்குக் காட்டவா? எங்க சனம் சிங்கப்பூருலயும் இருக்காக. வேணாங்க்கா."

சரி என்றேன். அடித்த செய்தியை அழித்தேன்.  மணி சாயங்காலத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

குல்லா இல்லாத குற்ற உணர்ச்சியில் காதர் பாய் அந்தக் குடும்பத்துக்கு இலவசமாகவே ஒரு படம் எடுத்துத் தருவதாகச் சொன்னார். "பின்னாடி தூண்பாறையப் போட்டுருவோம். அப்பிடியே முடியும் வெச்சுத் தரவா தங்கச்சி? இப்பல்லாம் எல்லாரும் கேக்குறாங்க. கம்ப்யூட்டர்ல நெறைய வெரைட்டி இருக்கு." செல்வியின் முகம் மலர்ந்தது. முருகேசனோ, பெண் வீட்டுக்கு அனுப்ப ஒரு பிரதி கூடுதலாகக் கேட்டார்.

அச்செந்திரம் மெதுவாகத் துப்பியது. பளிச்சென்ற நீல வானம், மூன்று தூண்கள், முன்னால் ஐந்து பேரும் தலை நிறைய முடியோடு. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தங்கவேலுக்குப் பக்க வகிடெடுத்த கருகருவென்ற கிராப்பு.

"யாருங்க இது எம் பக்கத்துல நிக்கிறது?" என்றார் செல்வி. "கல்யாணத்தன்னைக்கே இவருக்கு இம்புட்டு முடி இல்லையே."

பிறகு தன் முகத்தைப் பார்த்தார். பெங்களூரிலிருந்து வந்த ஏதோ ஒரு மணப்பெண்ணின் கூந்தலாம், நீளமாக, வழவழவென்று. செல்வி நீண்ட நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு பாய்" என்றார். "என்னோடது சுருட்ட முடி."

 காதர் பாய், சுருட்டையும் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்துப் பேசாமல் இருந்துவிட்டார். செல்வி என் பக்கம் திரும்பினார். "நீங்க எடுத்ததக் காட்டுங்க, பாப்போம்."

கேமராவைக் கொடுத்தேன். எல்லோரும் தலையை நீட்டிச் சூழ்ந்துகொண்டார்கள். சந்தன வாசனை மூக்கைத் துளைத்தது. "பேக்ரவுண்டே இல்லையே மேடம், கிளியர் பண்ணித் தரவா?" என்றார் காதர் பாய். செல்வி அவரைக் கையமர்த்தினார்.

"இதுல நான் எதுன்னு சொல்லுங்க" என்றார் கணவரிடம்.

"இது தெரியாதா" என்று தங்கவேல் ஒரு தலையைத் தொட்டுக் காட்டினார்.

"அண்ணே, அது நானு" என்றார் முருகேசன்.

தங்கவேல் நெற்றியைச் சுருக்கினார். கேரட்டை ஒடித்துப் பார்த்த அதே கவனத்தோடு படத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார். "அப்ப இதுதான். நிக்கிற தோரணையிலயே தெரியுதுல்ல" என்று இன்னொன்றைக் காட்டினார்.

"அது நீங்க" என்றார் செல்வி.

செல்வி கணவரை ஏற இறங்கப் பார்த்தார். தங்கவேல் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்ததற்குப் பிறகு அவர் உயிருக்கு ஆபத்து வந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். அப்புறம் செல்வி சிரித்தார். தடுப்போரம் சிரித்த அதே சிரிப்பு. கண்ணில் நீர் வழிய, போர்வை முனையால் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"கட்டுன புருசனுக்கே தெரியல. சிங்கப்பூர்க்காரவுகளுக்கா தெரியப்போகுது! அனுப்புங்கக்கா" என்றார். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு, "ஆனா ஒண்ணு. எது நானுன்னு யாருகிட்டயும் சொல்லப்படாது. எங்க சனமே வந்து கேட்டாலுஞ்சரி."

சத்தியம் செய்தேன். காதர் பாயின் வைஃபையில் படம் போய்ச் சேர்ந்தது. மெய் லின் பதிலுக்கு ஒரு சொல்கூட எழுதவில்லை, நேராகத் தொலைபேசியில் அழைத்துக் கத்தினாள். நாற்காலியை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி நானும் முதலாளியை அழைத்துச் சொன்னேன். அந்தக் கடையிலேயே, குல்லா தொங்க வேண்டிய வெறும் கொக்கிகளுக்குக் கீழே நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான். செல்வி இடுப்பிலிருந்து இன்னோர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார்.

படம் இப்போது மெய் லின் கலைக்கூடத்தில் என் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார்கள். பிறகு ஒவ்வொருவராக விரலை நீட்டி, இது அம்மா, இது அப்பா என்று அடித்துச் சொல்வார்கள். பெரும்பாலும் தப்பாகவே சொல்வார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஜூரோங்கிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"ஒட்டன்சத்திரத்துப் பக்கம் எங்க சொந்தத்துல ஒரு குடும்பம் இப்பதான் பழனிக்குப் போயிட்டு வந்துச்சு. அந்தப் பொண்ணும் முடி குடுத்துச்சாம். சுருட்ட முடி, அம்புட்டு அழகா இருக்கும். இதுல பொம்பள யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"இல்லைங்கம்மா" என்றேன். "பெரியவர்கள் மூன்று பேருமே ஆண்கள்தான்."

வாழ்க்கையில் இவ்வளவு மனநிறைவோடு நான் பொய் சொன்னதே இல்லை.